பேராக் ஆற்றின் தலைக்காடு

பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளைக் கடந்து, கலங்கிப் பரந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது பேராக் ஆறு. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு இதுவே. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி வரும் இதன் பிறப்பிடம், மாநிலத்தின் வடகோடியில் தாய்லாந்து எல்லையை அடுத்துள்ள பெலும் பெருங்காடாகும். ஆற்றின் முடிவில் வாழ்வோர் அதன் தொடக்கத்தையும் அறிந்திருத்தல் நன்று.

வடபேராக்கின் ஒரு பகுதி முன்பு சயாமின் ஆளுகையில் இருந்தது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே பேராக்குடன் சேர்ந்தது. அவசரகாலத்தில், 1952ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் வீரர்கள் பெலும் பள்ளத்தாக்கில் பாராசூட் மூலம் இறங்கினர். 1970களில் தெமெங்கோர் அணை எழுந்தது. பள்ளத்தாக்குகள் ஏரியாயின. இன்று ஏரியில் தலைநீட்டி நிற்கும் தீவுகள் முன்பு மலையுச்சிகளே. 1982இல் கிரிக்கிலிருந்து கிழக்குக் கரைக்கு நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது.

இக்காடு ஆளற்ற காடன்று. ஜகாய், தெமியார் முதலிய ஒராங் அஸ்லி மக்களின் தாயகம் இது. ஏரி பெருகியபோது அவர்களுள் பலர் தம் பழைய இடங்களை விட்டு, அரசாங்கம் அமைத்த குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஜகாய் மொழியின் சிறப்பு ஒன்றை 2014இல் வெளியான ஆய்வு உலகறியச் செய்தது. நாம் மணத்தைக் குறிக்கும்போது ‘மல்லிகை மணம்’, ‘மண்ணெண்ணெய் நாற்றம்’ எனப் பொருளின் பெயரையே நாடுகிறோம். அவர்களோ நிறத்தைச் சொல்வதுபோல் மணத்திற்கும் தனிச்சொற்கள் வைத்துள்ளனர். புகை, பெட்ரோல், வௌவால் எச்சம் ஆகிய மூன்றின் நெடிக்கும் ஒரே சொல் உண்டு. காட்டைவிட்டு மக்கள் பிரிந்தால், அத்தகைய அறிவும் மெல்ல மறையும் அன்றோ?

2007இல் 1,17,500 ஹெக்டேர் பரப்பு அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாண்டிங் தீவிலிருந்து படகேறிச் செல்வோர் மலேசியாவின் பத்து வகை இருவாட்சிகளையும், ரஃப்லீசியாப் பெருமலரையும் காண வாய்ப்புண்டு. புலியும் யானையும் உலவும் இடமாதலால் வழிகாட்டியின்றி நடத்தல் ஆகாது. தெற்கேயுள்ள தெமெங்கோர் காட்டுக்கோ பூங்காவின் காப்பு இல்லை. அங்கு மரவெட்டு நடந்து வந்துள்ளது.

மலைச்சரிவில் மரம் குறைந்தால் மழைநீர் மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும். அம்மண் ஆற்றோடு இறங்கி வரும். ஆதலின் பெலும் காட்டின் நலம் சுற்றுலாவினர்க்கும் ஆய்வாளர்க்கும் மட்டும் உரியதன்று. ஆற்று முகத்தில் வலைவீசுவோர்க்கும் தென்னை வளர்ப்போர்க்கும் உரியதேயாகும்.