சுவிஸில் பார்க்க வேண்டியவை

சகோதரிகளே, ஹெந்தளையில் ஹமில்டன் கால்வாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவள் நான். சுவிற்சர்லாந்தில் இருக்கும் தங்கச்சி கூப்பிட்டதால் கோடையில் ஒரு மாதம் போய் வந்தேன்.

முதலில் ரைன் நீர்வீழ்ச்சி. சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அகலம் 150 மீற்றர், உயரம் 23 மீற்றர்தான். மலைப்பனி உருகும் ஜூன், ஜூலையில் தண்ணீர் நிறைந்து கொட்டும். நடுவிலுள்ள பாறைக்குப் படகு விடுகிறார்கள். 3,454 மீற்றர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யொக்குக்கும் ரயில் ஏறுகிறது. ரிக்கற் விலையைக் கேட்டபின், இன்டர்லாக்கனில் நின்றே மலையைப் பார்த்துக்கொண்டேன்! சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே புறப்படுங்கள், கடைவிலை நமக்குத் தாங்காது.

தவறவிடக் கூடாதது, பேர்ண் நகரில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம். ஒரே கூரையின் கீழ் நம்மவர்களின் சிவன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்தர்களின் வழிபாட்டிடம். கோயிலில் பூசை தமிழில் நடக்கிறது. பூசை செய்வோரில் பெண்களும் இருக்கிறார்கள்.

1990இல் கணவரை இழந்தபின், நல்ல காரியங்களில் பின்னால் நின்றே பழகியவள் நான். அன்றும் ஓரமாக ஒதுங்கினேன். தீபத்தட்டோடு வந்த அம்மா என் முன்னால் நின்று, விபூதியோடு குங்குமத்தையும் நீட்டினார். தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொண்டேன்.