குயீன் மேரி 2: பின்வாசல் வழியாக ஒரு எட்டிப்பார்வை!

2004 ஜனவரி 8. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகம். எலிசபெத் மகாராணி ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஷாம்பெயின் பாட்டில் பாய்ந்துபோய்க் கப்பலில் மோதிச் சுக்குநூறாகிறது. பாட்டு, கைதட்டல், வாணவேடிக்கை என்று துறைமுகமே அமர்க்களம். 'குயீன் மேரி 2' என்று பெயர் சூட்டியாயிற்று!

மேடைக் காட்சி அத்தோடு முடிந்தது. சுவாரசியமே மேடைக்குப் பின்னால்தான். வாருங்கள், சத்தம் போடாமல் உள்ளே நுழைந்துவிடலாம்.

முதல் ரகசியம்: அன்றைக்குத்தான் கப்பல் தண்ணீரைத் தொட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முன்பெல்லாம் பெயர் சூட்டுவதும் கப்பல் சரிந்து தண்ணீரில் இறங்குவதும் ஒரே மூச்சில் நடக்கும். 1934-ல் முதல் 'குயீன் மேரி'யை அப்படித்தான் எலிசபெத்தின் பாட்டி இறக்கிவைத்தார். 1967-ல் 'குயீன் எலிசபெத் 2'-ஐப் பேத்தி இறக்கிவைத்தார். 'குயீன் மேரி 2'-வின் கதை வேறு. பிரான்ஸின் சாந்நசேர் கப்பல் கட்டும் தளத்தில், 2002 ஜூலையில் அடிக்கட்டை வைத்து, உலர்துறைக்குள்ளேயே கட்டினார்கள். 2003 மார்ச் 21 அன்று துறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கப்பல் தானாக மிதந்தது. பிள்ளை பிறந்து ஒன்பதரை மாதம் கழித்துத்தான் பெயர் சூட்டு விழா!

ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான் பரம்பரையா? இந்தக் கப்பலின் முதல் கேப்டன் ரொனால்ட் வாரிக்கின் அப்பாதான் 'குயீன் எலிசபெத் 2'-வின் முதல் கேப்டன்!

நீளம் 345 மீட்டர். செலவு ஏறத்தாழ 80 கோடி டாலர். ஏன் இவ்வளவு? இது ஊர் சுற்றிக் காட்டும் உல்லாசக் கப்பல் மட்டுமல்ல, பெருங்கடலைக் கடக்கும் 'லைனர்'. உல்லாசக் கப்பல் புயலைக் கண்டால் வேறு பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். லைனருக்கு அந்தச் சலுகை கிடையாது. குளிரோ கொந்தளிப்போ, வட அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து சொன்ன நாளில் நியூயார்க்கில் நின்றாக வேண்டும். அதனால் தடித்த எஃகு, நீண்டு கூரான மூக்கு, மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடும் வேகம்.

இதை வடிவமைத்தவர் ஸ்டீஃபன் பெய்ன். அவர் சிறுவனாக இருந்தபோது, இனி இப்படிப்பட்ட கப்பல்கள் பிறக்கப் போவதில்லை என்றது பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான 'ப்ளூ பீட்டர்'. பையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏன் வராது என்று தானே ஒரு கப்பலை வரைந்து அனுப்பினான். ஒரு பேட்ஜ் பரிசாக வந்தது. அப்படிப்பட்ட கப்பலை அவரே பிற்பாடு கட்டிக் காட்டிவிட்டார்!

அவருடைய கைவண்ணத்தைப் பாருங்கள். இவ்வளவு பெரிய கப்பலுக்குச் சுக்கான் கிடையாது! அடியில் புரொப்பல்லர் பொருத்திய நான்கு மின்மோட்டார் உருளைகள், ஒவ்வொன்றும் 21.5 மெகாவாட். பின்னால் இருக்கும் இரண்டும் முழு வட்டமாகச் சுழலும். அவைதான் கப்பலைத் திருப்புகின்றன. மின்சாரத்துக்கு நான்கு டீசல் இன்ஜின்கள் அடித்தளத்தில். கூடவே இரண்டு கேஸ் டர்பைன்கள். அவை எங்கே தெரியுமா? உச்சியில், புகைபோக்கிக்கு அடியில்! டர்பைன் காற்றை ஏராளமாக விழுங்கும். அடித்தளத்தில் வைத்தால் ராட்சதக் காற்றுக் குழாய்கள் அறைகளுக்கான இடத்தைத் தின்றுவிடும்.

புகைபோக்கி கொஞ்சம் குள்ளமாக இருக்கிறதே? நியூயார்க்கின் வெரசானோ பாலத்துக்கு அடியில் தலை தட்டாமல் நுழைய வேண்டுமே! முன்தளத்தில் பளபளவென்று எட்டு உலோக இதழ்கள். மாடர்ன் ஆர்ட் என்று ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை உபரி புரொப்பல்லர் இறக்கைகள்! ஸ்டெப்னியைச் சிற்பமாக்கிய சாமர்த்தியம். புகைபோக்கியில் இருக்கும் ஊதல் ஒன்று, முதல் 'குயீன் மேரி'யிலிருந்து இரவல் வாங்கியது. பதினாறு கிலோமீட்டர் தூரம் கேட்கும். 2006 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இரண்டு மேரிகளும் சந்தித்தபோது, மாறி மாறி ஊதி வணக்கம் சொல்லிக்கொண்டன.

கும்மாளத்துக்கு நடுவிலும் சொல்லாமல் போகக் கூடாத ஒன்று உண்டு. 2003 நவம்பர் 15 அன்று, சாந்நசேரில் கப்பலைக் கட்டிய தொழிலாளர்களின் குடும்பத்தினரும் உறவினரும் கப்பலைப் பார்க்க வந்திருந்தார்கள். ஏறும் நடைபாலம் இடிந்து விழுந்து 16 பேர் இறந்துபோனார்கள். இந்தப் பளபளப்பின் கணக்கில் அவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஆடம்பரம். கடலில் மிதந்த முதல் கோளரங்கம் இங்கேதான். எட்டாயிரம் புத்தகங்களோடு நூலகம், கவுன் சுழல வால்ட்ஸ் ஆட நடன மண்டபம், பின்பக்கத்தில் மாடிப்படி வைத்த இரண்டடுக்கு வீடுகள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே சமயத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். ஆனால், அங்கேயும் ஒரு சூட்சுமம்: எந்த அறைக்குப் பணம் கட்டினீர்களோ அதைப் பொறுத்துத்தான் பந்தி! சாதாரண அறைக்காரர்களுக்கு 'பிரிட்டானியா'. சூட் எடுத்தவர்களுக்கு 'பிரின்சஸ் கிரில்'. அதற்கும் மேலே போனால் 'குயீன்ஸ் கிரில்'. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பலகைகள் போய்விட்டன. பந்தி மட்டும் பிரிந்தே நிற்கிறது.

நாய்களுக்கும் தனி ஜாகை உண்டு. கூண்டு, உலாவ ஒரு தளம், பராமரிக்கத் தனி ஆள். 2016-ல் புதுப்பித்தபோது, அவை காலைத் தூக்க வசதியாகப் பிரிட்டிஷ் பாணி விளக்குக் கம்பம் ஒன்றும், நியூயார்க் பாணித் தீயணைப்புக் குழாய் ஒன்றும் வைத்தார்கள். ஆங்கிலேய நாய்க்கும் அமெரிக்க நாய்க்கும் மனக்குறை வரக் கூடாதல்லவா! கூண்டுகள் கொஞ்சம்தான், போட்டியோ பலமாக இருக்கிறது. இந்த ராணியின் அரண்மனையில் இரண்டாயிரத்து அறுநூறு மனிதர்களுக்குக்கூட இடம் கிடைத்துவிடும். நாய்க்கு இடம் பிடிப்பதற்குத்தான் எஜமானர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே துண்டு போட்டு வைக்க வேண்டியிருக்கிறது!