கைப்பேசியும் கணினியும் பேசும் பொதுமொழி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் பொதுவாக முடிவுக்கு வந்தது. அதன் அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகளுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் மறுவாழ்வு தருகிறது. எனது பழைய மடிக்கணினியையும் அவ்வாறே மாற்றிக்கொண்டேன். ஆனால், கைப்பேசியில் சேர்ந்திருந்த பல ஆண்டுப் புகைப்படங்களைக் கணினிக்கு மாற்ற முயன்றபோது, யுஎஸ்பி வடத்தை இணைத்தும் திரையில் எதுவும் தென்படவில்லை. "லினக்ஸில் இதெல்லாம் வராது" என்றார் கடைக்காரர் ஒருவர். உண்மையில் குறை லினக்ஸில் இல்லை, வடத்தில் இருந்தது.

யுஎஸ்பி 2.0 வடத்தினுள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. விலை மலிவான சில வடங்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. அவற்றால் கைப்பேசிக்கு மின்னேற்றம் நடக்கும், தகவல் நகராது. எனவே, முதலில் ஐயுற வேண்டியது வடத்தைத்தான்.

அடுத்தது கைப்பேசியின் அமைப்பு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், இணைத்தவுடன் பொதுவாக மின்னேற்றத்தை மட்டுமே ஏற்கும். திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பகுதியை இழுத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தொல்லையன்று, பாதுகாப்பு. பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ அறிமுகமற்ற இணைப்பில் மின்னேற்றம் செய்யும்போது, நம் அனுமதியின்றித் தரவு வெளியேறாமல் காப்பது இந்த ஏற்பாடே.

இவ்விரண்டும் சரியாக இருப்பின், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் தனி மென்பொருள் ஏதுமின்றிக் கோப்பு மேலாளரிலேயே கைப்பேசி தோன்றும். புகைப்படங்கள் 'டிசிஐஎம்' என்ற கோப்புறையில் இருக்கும். அவற்றைக் கணினிக்கு நகலெடுத்து, திறந்து சரிபார்த்த பிறகே கைப்பேசியிலிருந்து நீக்குவது நல்லது. ஐபோனாக இருப்பின், 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று அது கேட்கும்போது இசைவு தர வேண்டும்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் இவ்வாறு ஒன்றையொன்று புரிந்துகொள்வது எப்படி? ஆண்ட்ராய்டின் மையப்பகுதியும் லினக்ஸ்தான் என்றாலும், அந்த உறவு மட்டும் போதாது. இருவருக்கும் பொதுவான மொழி தேவை. 1996-இல் வெளியான யுஎஸ்பி தரநிலை, போட்டி நிறுவனங்கள் பல கூடி வகுத்தது. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர், வதோதராவில் பயின்ற அஜய் பட். கோப்புப் பரிமாற்றத்துக்கு இன்று கைப்பேசிகள் கையாளும் எம்டிபி நெறிமுறை மைக்ரோசாஃப்டில் பிறந்தது. 2008-இல் யுஎஸ்பி அமைப்பின் பொதுத் தரநிலையாயிற்று. அதன் பின்னர் அது ஒரு நிறுவனத்தின் தனிமொழியாக இருக்கவில்லை. தன்னார்வலர்கள் எழுதிய நிரல்கள் மூலம் லினக்ஸும் அதைப் பேசுகிறது.

பொருளாதாரத்தில் 'மாறுகைச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒரு பொருளைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறுவதால் நேரும் இழப்பே அது. அந்த இழப்பு மிகுந்தால், தரம் குறைந்தாலும் விலை உயர்ந்தாலும் நுகர்வோர் வெளியேற இயலாது. நம் படங்களும் ஆவணங்களும் ஒரே நிறுவனத்தின் கருவியிலோ மாதக் கட்டணச் சேமிப்பகத்திலோ மட்டுமே இருப்பின், நாமும் அந்நிலையில்தான் இருக்கிறோம். பொதுத் தரநிலைகள் அச்செலவைக் குறைக்கின்றன. 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றத் துளையை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியதும் இத்தகைய நோக்கில்தான்.

கைப்பேசி வாங்கும்போது ஒளிப்படக் கருவியின் திறனையும் நினைவகத்தின் அளவையும் விசாரிக்கிறோம். நம் தரவை எந்தக் கணினிக்கும் தடையின்றி எடுத்துச் செல்ல முடியுமா என்ற கேள்வியையும் அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்குச் சொந்தமானதை நாம் விரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை, நாம் கேட்கும் வரைதான் நீடிக்கும்.