ராஜநாகம் ஒன்னு இல்ல... நாலு! டிஎன்ஏ உடைத்த ரகசியமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் 'காளிங்க'னும்

உலகின் மிக நீளமான விஷப்பாம்பு ராஜநாகம். இந்தியாவில் தொடங்கி பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கும் இந்தப் பாம்புக்கு 1836-ல் அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. இடையில் வேறு சில பெயர்கள் வந்தாலும், 'எல்லாமே ஒரே இனம்தான்' என்பதே நீண்ட காலமாக விஞ்ஞானிகளின் முடிவாக இருந்தது. அந்த முடிவு 2024 அக்டோபரில் மாறியது.

என்ன கண்டுபிடிச்சாங்க?

இந்திய பாம்பு ஆய்வாளர் கௌரி சங்கர் உள்ளிட்ட குழுவினரின் ஆய்வு, 'ஐரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்ஸானமி' இதழில் வெளியானது. அதன்படி ராஜநாகம் ஒரே இனம் இல்லை, நான்கு.

* ஓபியோபேகஸ் ஹன்னா: வட, கிழக்கு இந்தியா முதல் தாய்லாந்து, இந்தோசீனா வரை
* ஓபியோபேகஸ் பங்காரஸ்: மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா
* ஓபியோபேகஸ் சல்வடானா: பிலிப்பைன்ஸின் லூசான் தீவு
* ஓபியோபேகஸ் காளிங்க: மேற்குத் தொடர்ச்சி மலை

இதில் கடைசி இரண்டும் புத்தம் புதிய பெயர்கள். கர்நாடகாவில் ராஜநாகத்தை 'காளிங்க சர்ப்பம்' என்றுதான் மக்கள் அழைக்கிறார்கள். அந்தப் பெயரையே விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனை நாள் எப்படித் தெரியாம போச்சு?

பார்க்க ஒன்றுபோல இருந்து, உண்மையில் வேறு வேறாக இருக்கும் உயிரினங்களை 'கிரிப்டிக் ஸ்பீஷிஸ்' என்கிறார்கள். தமிழில் 'மறைந்திருக்கும் இனங்கள்' எனலாம். பல்லி, ஓணான், பாம்பு வகைகளில் இப்படி நிறைய உண்டு.

காரணம் சிம்பிள். நாம் நிறத்தையும் உருவத்தையும் பார்த்துப் பிரிக்கிறோம். பாம்புகளோ ஜோடியை முக்கியமாக வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. பாம்பின் கால் பாம்பறியும்னு சும்மாவா சொன்னாங்க?

டிஎன்ஏ எப்படிக் காட்டிக்கொடுக்குது?

ஒரு கூட்டம் மலையாலோ கடலாலோ இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகு இரண்டுக்கும் இடையே இனப்பெருக்கம் நடக்காது. தலைமுறை தலைமுறையாக டிஎன்ஏவில் ஏற்படும் சின்னச் சின்ன மாற்றங்கள் இந்தப் பக்கம் தனியாக, அந்தப் பக்கம் தனியாகச் சேர்ந்துகொண்டே போகும்.

பாம்பு உரித்துப்போட்ட சட்டை, சிறு செதில் துண்டு, சாலையில் அடிபட்டு இறந்த பாம்பு என எதிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவையும் ஒப்பிட்டால், யார் யாருக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும். ராஜநாகத்தில் நான்கு தனித்தனி கிளைகள் இருப்பது 2021-ல் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

அப்போ ஏன் 2024 வரை காத்திருந்தாங்க?

டிஎன்ஏ வித்தியாசத்தை மட்டும் வைத்து புது இனம் என்று அறிவித்துவிட முடியாது. ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதனால் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பாம்புகளை எடுத்து, செதில்களையும் உடல் பட்டைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பாம்பின் உடலில் வெளிர் பட்டைகள் 40-க்கும் குறைவு. ஹன்னாவின் பட்டைகளுக்கு கறுப்பு ஓரம் உண்டு, காளிங்கவுக்கு இல்லை. ஆக, வித்தியாசம் கண்முன்னாடியேதான் இருந்திருக்கிறது. எங்கே தேடணும்னு சொன்னது டிஎன்ஏ.

பேர் மாறினா என்ன ஆகப் போகுது?

முதலாவது, பாதுகாப்பு. ஆசியா முழுக்க இருக்கும் ஒரே பாம்பு என்றால், ஒரு காடு அழிந்தாலும் 'வேற இடத்துல இருக்கே' என்று சொல்லலாம். ஒரே இனம் என்று கணக்கிட்ட போதே ராஜநாகம் சர்வதேச சிவப்புப் பட்டியலில் 'அழியக்கூடிய நிலை' பிரிவில் இருந்தது. இப்போது காளிங்கவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறு வீடு இல்லை. தமிழகம், கேரளா, கர்நாடகா என இந்த மலையைப் பங்கிட்டுக்கொள்ளும் மாநிலங்களின் பொறுப்பும் கூடுகிறது.

இரண்டாவது, உயிர் காக்கும் விஷயம். இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுப்பதும் இந்த நான்கின் விஷத்தைத்தான். ராஜநாகம் அந்தப் பட்டியலில் இல்லை. தாய்லாந்தில் ராஜநாகத்துக்கென்றே மருந்து தயாராகிறது. ஆனால் அது அந்த ஊர் பாம்பின் விஷத்தை வைத்து உருவாக்கப்படுவது. இனம் வேறு என்றால் விஷத்தின் கலவையும் வேறாக இருக்கலாம். எனவே, நம்ம ஊர் ராஜநாகத்துக்கு அது எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

ராஜநாகம் மனிதர்களைக் கடிப்பது அரிது. மற்ற பாம்புகளைத் தின்று வாழும் அது, ஆளைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகவே பார்க்கும். ஆனாலும் கடிபட்ட ஒருவருக்கு, எந்தப் பாம்பு, அதற்கு எந்த மருந்து என்ற கேள்விதான் உயிர். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேட, முதலில் பாம்பின் பெயர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.