டீசல் பில்டர் சுத்தமா? பார்த்து அறிவோம்



இம்முறை நாம் பேசப் போவது இஞ்சினைப் பற்றி. "அது டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள வேலை, எங்களுக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நடுச்சாமத்தில் வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக இன்றும் பல தோட்டங்களில் கொழுந்து லொறியைத்தான் கூப்பிடுகிறோம். கரண்ட் நின்றால் ஸ்டோர் ஓடுவது ஜெனரேட்டரில். ஆகவே அந்த இஞ்சின் நம் எல்லோருடைய காரியமும்தான்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பெயர் வேண்டாம். மழைக்கால இரவொன்றில் ஒரு கர்ப்பிணித் தாயை ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டது. சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏற்றம் வந்ததும் இழுக்க மாட்டாமல் திணறியது. மூன்றாவது வளைவில் நின்றேவிட்டது. டிரைவர் கைப்பம்பை அடித்து ஸ்டார்ட் பண்ணினார். அரை மைல் போய் மறுபடியும் நின்றது. நல்ல காலம், பின்னால் வந்த வான் ஒன்றில் அந்தத் தாயை ஏற்றி அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது பெரிய காரியம்.

மறுநாள் பழி டிரைவர் தலையில் விழுந்தது. "போன மாசம்தானே புது பில்டர் போட்டது? இவன்தான் வண்டியைப் பார்க்கல்ல" என்றார்கள். திருத்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்ற பேச்சும் வந்தது. வயதான மெக்கானிக் ஒருவர் ஒரு வேலை செய்தார். கழற்றிய பில்டரை எறியாமல், தகரக் கூட்டை வெட்டி, உள்ளே இருந்த கடதாசி மடிப்பைப் பழைய பத்திரிகை மேல் விரித்துக் காட்டினார். கபில நிறத் தண்ணீரும் சளி போன்ற பாசியும் அதில் படிந்திருந்தன. பிறகுதான் எல்லோரும் டீசல் பெரலைப் போய்ப் பார்த்தார்கள். பெரல் மழையில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. குற்றம் டிரைவரிடம் இல்லை என்பதற்கு அந்தக் கடதாசியே சாட்சியாகிவிட்டது.

பில்டர் என்ன செய்கிறது?

வீட்டில் தேத்தண்ணி வடிக்கும் வடியை நினைத்துக்கொள்ளுங்கள். தூளைப் பிடித்துச் சாயத்தை விடுகிறது. டீசல் பில்டரும் அப்படித்தான். ஆனால் அது பிடிக்க வேண்டிய தூள் நம் கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீற்றரை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். டீசல் பம்பின் உள்ளே ஓடும் உருக்குத் தண்டுக்கும் அதன் சுவருக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். அதற்குள் மணல் துகள் புகுந்தால் உருக்கைச் சுரண்டிவிடும். தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும். பம்பும் இன்ஜெக்டரும் போனால் செலவு பில்டரின் விலையைப் போல் பல மடங்கு.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பில்டர் அழுக்காக இருப்பது குற்றமல்ல; அழுக்கைப் பிடிப்பதே அதன் தொழில். அழுக்கு நிறைந்து டீசல் போக வழி இல்லாமல் போவதுதான் ஆபத்து. சும்மா நிற்கும்போது இஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். பாரம் ஏற்றி மலை ஏறும்போது நிறைய வேண்டும். அதனால்தான் அந்த லொறி சமதரையில் ஓடி, ஏற்றத்தில் நின்றது. இன்னொன்று: நெடுநாள் ஓடிய பில்டர் கொஞ்சமும் அழுக்குப்படாமல் இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கடதாசி கிழிந்தோ, ரப்பர் வளையம் சரியாக அமராமலோ, டீசல் வடிபடாமல் பக்கத்தால் போயிருக்கலாம்.

பார்த்தறியும் வழிகள்

முதலாவது, போத்தல் சோதனை. நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில், பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து டீசல் பிடியுங்கள். இஞ்சின் ஆறி நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அரை மணித்தியாலம் அசையாமல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். நல்ல டீசல் பளிச்சென்று தெளிவாக இருக்கும். கலங்கல் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் டீசலை விடப் பாரம் கூடியது. ஆகவே அடியில் தனியாகத் தங்கும். போத்தலை மெதுவாகச் சுழற்றினால் மண்ணும் துருவும் நடு அடியில் வந்து சேரும்.

இரண்டாவது, வெட்டிப் பார்த்தல். மாற்றிய பில்டரை வடியவிட்டு, கூட்டை வெட்டி மடிப்பை விரியுங்கள். அரம் போட்டு அறுத்தால் இரும்புத்தூள் விழுந்து நம்மையே ஏமாற்றும். வெட்டும் கருவியே நல்லது. சிவந்த தூள் இருந்தால் தாங்கி துருப்பிடிக்கிறது. மணல் இருந்தால் மூடியோ புனலோ சுத்தமில்லை. வழவழப்பான சளி இருந்தால், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. மின்னும் உலோகத் துகள் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கறுத்துப் போயிருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒழுங்காக வேலை செய்த பில்டரும் கறுக்கும்.

மூன்றாவது, மானி வைத்துப் பார்த்தல். பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடைப்பு எவ்வளவு என்று சொல்லும். இது கராஜில் செய்யும் வேலை. பெரிய ஜெனரேட்டர் உள்ள இடங்களில் கேட்டுச் செய்விக்கலாம்.

ஆய்வுகூடங்களில் ஒரு மில்லிலீற்றர் டீசலில் எத்தனை துகள் உண்டு என்று எண்ணியே பார்க்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 4406 என்ற அளவு முறையில் அதை மூன்று எண்களாக எழுதுவார்கள். 18/16/13 என்றால் 4 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள் 1300 முதல் 2500 வரை, 6 மைக்ரோனுக்கு 320 முதல் 640 வரை, 14 மைக்ரோனுக்கு 40 முதல் 80 வரை என்று பொருள். வண்டியில் நிரப்பும் டீசல் இதைவிட அழுக்காக இருக்கக் கூடாது என்பது வாகனக் கம்பனிகள் சேர்ந்து வகுத்த அளவு. தெளிவாகத் தெரியும் டீசலிலும் இத்தனை துகள் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். ஆகவே போத்தல் சோதனையில் கெட்டது தெரிந்தால் அது நிச்சயம் கெட்டது. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக முழுச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாம் சேர்த்து வைக்கும் இடத்திலிருந்துதான். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்த கேனிலும் பெரலிலும் நிறைத்து வைத்தோம். நிமிர்த்தி வைத்த பெரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும்; இரவுக் குளிரில் சுருங்கும்போது, மூடி இறுக்கமாக இருப்பதாக நமக்குத் தோன்றினாலும், அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் மலைநாட்டுக் குளிரில் பாதி காலியான தாங்கியின் உள்சுவரிலும் பனி போல நீர் படியும்.

ஆகவே பெரலைக் கூரையின் கீழ் வையுங்கள். வெளியில்தான் வைக்க வேண்டுமானால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரே மட்டத்தில் இருக்கச் செய்யுங்கள். பெரலை அசைத்தால் ஒரு நாள் தெளியவிட்டு, அடிமட்ட டீசலை எடுக்காமல் விடுங்கள். வேலை முடிந்த மாலையிலேயே வண்டித் தாங்கியை நிரப்புங்கள்.

பழைய கடதாசிப் பில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துத் திரும்பப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதை விடுங்கள். கடதாசி கிழிந்தால் அழுக்கு நேரே பம்புக்குத்தான் போகும். புதுப் பில்டர் போடும்போதும் கேன் டீசலை உள்ளே ஊற்றாதீர்கள். கைப்பம்பை அடித்தே நிரப்புங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சோதனைக்குப் பிடித்த டீசலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டுவர வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். வாயால் உறிஞ்சி எடுக்கவே வேண்டாம். நெருப்புக்குச்சி வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், டோர்ச் லைட் பிடியுங்கள். மிச்சத்தை ஓடையில் ஊற்றாதீர்கள். அதே தண்ணீர்தான் கீழ் லயத்துப் பீலிக்கு வருகிறது.

கடைசியாக, ஒரு கொப்பி போடுங்கள். பில்டர் மாற்றிய திகதி, வண்டி ஓடிய தூரம் அல்லது ஜெனரேட்டர் ஓடிய மணித்தியாலம், வெட்டிப் பார்த்தபோது கண்டது, பார்த்தவரின் கையெழுத்து. இஞ்சின் கையேட்டில் உள்ள தவணையை அதிலேயே எழுதி வையுங்கள். தோட்டக் கூட்டத்தில் "லொறி பில்டர் எப்ப மாத்தினது?" என்று நம் பெண்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏனென்றால் அந்த வளைவில் நின்ற லொறியில் படுத்திருந்தது அவர்களில் ஒருத்தி. கொப்பி இருந்தால் பதில் இருக்கும். டிரைவர் தம்பி மேல் வீண் பழியும் விழாது.