கணினிப் புதுப்பிப்புக் கோப்புகளை நாமே நிறுவுவது எப்படி? தவறான கோப்பால் நேரும் ஆபத்துகள் என்னென்ன?

புதுடெல்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறைவு செய்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றும் அறிவித்தது. இதையடுத்துப் பலர் பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினர்; வேறு பலர் விண்டோஸ் 10-லேயே தொடர்கின்றனர். இரு தரப்பினரும் எதிர்கொள்ளக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. தானியங்கிப் புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும். அல்லது எல்லாம் முடிந்த பின் வைஃபை இயங்காது, ஒலி வராது. அத்தகைய வேளைகளில் உரிய கோப்பைப் பயனரே தேடி எடுத்து நிறுவ வேண்டியிருக்கிறது.

இப்படி நிறுவப்படும் கோப்புகள் இரு வகைப்படும். முதலாவது, இயங்குதளத்தின் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்பு. இரண்டாவது, டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். வைஃபை அட்டை, ஒலி, திரை, அச்சுப்பொறி போன்ற ஒவ்வொரு கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போல நிற்பது இயக்கி. அது இல்லையேல் கருவி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

உரிய நேரத்தில் ஒரு கோப்பை நிறுவுவது எவ்வளவு முக்கியம் என்பதை 2017-ஆம் ஆண்டு நிகழ்வு காட்டியது. விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதி வெளியிட்டது. அதை நிறுவாத கணினிகளை மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற பிணைத்தொகைத் தீநிரல் தாக்கத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் பரவிய அத்தாக்குதலுக்கு ஆந்திரப் பிரதேச காவல்துறையின் சில கணினிகளும் இலக்காயின. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் அப்போது அவசரத் திருத்தம் ஒன்று வெளியிடப்பட்டது. அதைப் பயனர்கள் தாங்களே பதிவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்புக் கோப்பு ஒன்று, மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் நிறுவனக் கணினிகளே. பல கணினிகளைச் 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கித்தான் மீட்க முடிந்தது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில் மீட்புக் குறியீடு கையில் இல்லாதவர்களுக்கு அதுவும் எளிதாக அமையவில்லை.

எனவே கோப்பைத் தேடுவதற்கு முன், திரும்பி வருவதற்கான வழியைத் திறந்து வைப்பது அவசியம். முக்கிய ஆவணங்களையும் படங்களையும் வெளி வட்டில் பிரதி எடுக்க வேண்டும். அடுத்து, 'சிஸ்டம் ரீஸ்டோர்' வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்து, மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்க வேண்டும். பல கணினிகளில் இது அணைக்கப்பட்டே இருக்கும். மூன்றாவது, பலரும் கவனிக்கத் தவறுவது, பிட்லாக்கர் மீட்புக் குறியீடு. விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். 48 இலக்கம் கொண்ட அந்தக் குறியீட்டைத் தமது மைக்ரோசாப்ட் கணக்கில் பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கணினி திறக்காதபோது அதே கணினிக்குள் சேமித்த குறியீட்டால் பயன் இல்லை.

சரியான கோப்பு எது?

இயங்குதளப் புதுப்பிப்புகளுக்கு 'மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக்' என்ற அந்நிறுவனத்தின் சொந்தத் தளம் மட்டுமே ஏற்புடையது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 'கேபி' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் 7 இலக்க எண் உண்டு. மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி இரவு வேளையில் வெளியாகும். இவை திரள் புதுப்பிப்புகள் என்பதால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே தேட வேண்டியதில்லை. கடைசியாக வந்தது முந்தையவற்றையும் உள்ளடக்கியிருக்கும்.

தவறு நேர்வது பெரும்பாலும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். ஒரே கேபி எண்ணைத் தேடினால் பல வரிகள் தோன்றும். சில, சர்வர் கணினிகளுக்கு உரியவை. 'டைனமிக்' என்று குறிக்கப்பட்டவை விண்டோஸ் நிறுவல் வட்டுக்கு உரியவை. மீதமுள்ளவற்றில் கணினியின் பதிப்பும் செயலி வகையும் பொருந்த வேண்டும். தொடக்கப் பட்டியலில் 'வின்வெர்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பதிப்பு எண் தெரியும்: விண்டோஸ் 10-க்கு 22எச்2, விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்பது போல. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதிக்குச் சென்றால் செயலி வகையைக் காணலாம். இன்டெல், ஏஎம்டி செயலி கொண்ட பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு எக்ஸ்64 கோப்பு பொருந்தும். ஸ்னாப்டிராகன் செயலி கொண்டவற்றுக்கு ஆர்ம்64. பழைய 32 பிட் விண்டோஸ் 10 எனில் எக்ஸ்86.

பதிவிறக்கிய எம்எஸ்யூ கோப்பை இருமுறை சொடுக்கினால் நிறுவல் தொடங்கும். 'இந்தப் புதுப்பிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்ற பொருளில் செய்தி வந்தால் அஞ்ச வேண்டாம். பதிப்போ செயலி வகையோ மாறியிருக்கலாம். அல்லது அந்தத் திருத்தம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் கூடுதலாக ஒரு நுணுக்கம் உண்டு. பதிவிறக்கப் பொத்தானை அழுத்தும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு கோப்புகள் தோன்றக்கூடும். அவற்றில் கேபி5043080 என்பது 2024 செப்டம்பரில் வந்த அடிப்படைப் புதுப்பிப்பு. அது கணினியில் இல்லையெனில் முதலில் அதையும், பின்னரே புதியதையும் நிறுவ வேண்டும். வரிசை மாறினால் நிறுவல் தோல்வியடையும்.

இக்கோப்புகள் சில ஜிபி அளவுக்குப் பெரியவை. நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி வரம்புள்ள கைபேசித் திட்டத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது சுமைதான். ஒரே பதிப்பில் இயங்கும் கணினிகள் வீட்டில் இரண்டு மூன்று இருந்தால், ஒருமுறை பதிவிறக்கிப் பென் டிரைவ் மூலம் எல்லாவற்றிலும் நிறுவிக்கொள்வது சிக்கனமான வழி. பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

இயக்கிகளைப் பொறுத்தவரை, நன்றாக இயங்கும் கருவிக்குப் புதிய இயக்கி தேடி அலைவது பெரும்பாலும் வீண் வேலை. பழுதுள்ள கருவிக்கு மட்டும் பார்த்தால் போதும். அதற்கும் முன், விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள விருப்பப் புதுப்பிப்புகளைப் பார்ப்பது நல்லது. உரிய இயக்கி அங்கேயே காத்திருக்கக்கூடும். இல்லையெனில், மடிக்கணினியின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும் வரிசை எண்ணைக் கொண்டு அதன் தயாரிப்பு நிறுவனத் தளத்தில் தேட வேண்டும். திரை, ஒலி போன்றவற்றுக்கான இயக்கிகளை மடிக்கணினி நிறுவனங்கள் தத்தம் மாதிரிக்கு ஏற்ப மாற்றியமைப்பது உண்டு என்பதால் இந்த வரிசை முக்கியம்.

கருவி எதுவென்றே தெரியாமல் 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் நிற்பதும் உண்டு. அதன் பண்புகளில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குள் 'ஹார்டுவேர் ஐடி' என்ற வரி இருக்கும். அதில் 'வென்' என்பதன் ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். அடையாளம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இயக்கி சில நேரம் நேரடி நிறுவல் கோப்பாக வரும். சில நேரம் சுருக்கப்பட்ட கோப்புறையாக வரும். இரண்டாவது வகையை முதலில் விரித்துவைக்க வேண்டும். பின்னர் டிவைஸ் மேனேஜரில் கருவியின் மேல் வலச் சொடுக்கு செய்து, இயக்கியைப் புதுப்பிக்கும் வாய்ப்பைத் தேர்ந்து, 'கணினியில் தேடு' என்ற பொருள் தரும் வழியில் சென்று அக்கோப்புறையைக் காட்ட வேண்டும். உள்ளே ஐஎன்எஃப் வகைக் கோப்பு இருந்தால் விண்டோஸ் அதைத் தானே கண்டுகொள்ளும்.

இணையமே இல்லாதபோது?

வைஃபை இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்த இயக்கி வேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்கள் இந்தச் சுழலில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நிகழ்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்கினால், பெரும்பாலும் தனி இயக்கி ஏதுமின்றி இணையம் கிடைத்துவிடும். விண்டோஸ் 11 தொடக்க அமைப்பின்போதே இணைய இணைப்பு கேட்டு நின்றுவிட்டால், அண்மைப் பதிப்புகளில் அதே திரையில் இயக்கி நிறுவும் பொத்தான் உள்ளது. பென் டிரைவில் விரித்துவைத்த கோப்புறையை அங்கே காட்டலாம். 11-ஆம் தலைமுறை இன்டெல் செயலி முதலான சில மடிக்கணினிகளில் நிறுவலின்போது வட்டே தெரியாமல் போவதுண்டு. வட்டு பழுது என்று பலர் பழுதுபார்ப்புக் கடைக்கு விரைகின்றனர். இன்டெல் 'ரேபிட் ஸ்டோரேஜ்' இயக்கியை 'லோட் டிரைவர்' பொத்தான் வழியே ஏற்றினால் பெரும்பாலும் வட்டு தோன்றிவிடும்.

பயாஸ் புதுப்பிப்பு தனி வகை. தயாரிப்பு நிறுவனம் பாதுகாப்புக் காரணம் கூறினாலன்றி வீட்டுப் பயனர் அதைத் தொடாதிருப்பதே நலம். செய்தே ஆக வேண்டுமெனில், மின்தடை ஏற்படாத நேரத்தில், மின்கலம் நிறைந்த நிலையில் செய்ய வேண்டும்.

போலித் தளங்களே இதில் பெரிய அபாயம். தேடுபொறியில் இயக்கியின் பெயரைத் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். கணினியில் ஏராளமான இயக்கிகள் காலாவதியாகிவிட்டன என்று அச்சுறுத்திக் கட்டணம் கேட்கும் மென்பொருள்களுக்கும் குறைவில்லை. கோப்பின் பண்புகளில் எண்ம கையொப்பப் பகுதியைத் திறந்து, வெளியிட்டவர் பெயர் சரியாக உள்ளதா என்று பார்க்கலாம். கையொப்பச் சரிபார்ப்பையோ வைரஸ் தடுப்பையோ அணைத்துவிட்டு நிறுவுமாறு ஒரு தளம் கூறினால், அக்கோப்பை அங்கேயே கைவிட வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிக்கலாம்.

நிறுவிய பின் கருவி முன்பைவிட மோசமாக இயங்கினால், டிவைஸ் மேனேஜரில் அதன் பண்புகளுக்குள் 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழைய இயக்கிக்குத் திரும்பலாம். கணினியே தொடங்காமல் போனால், இருமுறை தொடர்ந்து தொடக்கம் தோல்வியுற்றதும் மீட்புத் திரை தானாகத் தோன்றும். கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கும் வாய்ப்பும், பாதுகாப்பு நிலையில் தொடங்கும் வாய்ப்பும் அங்கே உண்டு. பிட்லாக்கர் குறியீட்டை எழுதிவைத்த தாள் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

எல்லாம் முடிந்ததும் 'அப்டேட் ஹிஸ்டரி' பட்டியலில் உரிய கேபி எண் இடம்பெற்றுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். நாமே நிறுவிய இயக்கியின் மீது விண்டோஸ் அப்டேட் தன் இயக்கியைத் திரும்ப ஏற்றிவிடுவதும் நிகழக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், தயாரிப்பு நிறுவனம் திருந்திய கோப்பை வெளியிடும் வரை புதுப்பிப்புகளை அதிகபட்சம் 5 வாரங்கள் நிறுத்தி வைக்க விண்டோஸ் 11 இடமளிக்கிறது. அந்நாட்களில் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நிற்கும் என்பதால், இயக்கிச் சிக்கல் தீர்ந்தவுடன் நிறுத்தத்தை நீக்கிவிட வேண்டும்.