சக்கர நகரம் – 11: நாலு வார் கட்டினால் ரேஸ் காரா?

2025 ஜனவரி 7. துபாய் ஆட்டோட்ரோமில் பயிற்சி ஓட்டம். நடிகர் அஜித்குமார் ஓட்டிவந்த போர்ஷே தடுப்பில் மோதி, முன்பக்கம் நொறுங்கி, சுழன்று சுழன்று நின்றது. அவர் காயமில்லாமல் இறங்கினார். சில நாளில் அதே தடத்தில் 24 மணி நேரப் போட்டி நடந்து, அவருடைய அணி போர்ஷே 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்த மோதல் காட்சி வந்து சேராத செல்போன் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருக்கும்.

அதைப் பார்த்த தி.நகர்த் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஆடி டிடி வாங்கியிருக்கிறாராம். வார நாளில் ஆபீஸ், ஞாயிறு விடிகாலையில் ஈ.சி.ஆர்., எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை டிராக். "அஜித் சார் கார்ல இருந்த மாதிரி ஹார்னஸ் மாட்டணும் சார். ஜி.பி. ரோட்டுல விசாரிச்சேன். பின் சீட் பெல்ட் போல்ட்டுலயே நாலு பாயிண்ட் கட்டிடலாம், அரை நாள் வேலைங்கறாங்க. கம்பெனி பெல்ட்டைக் கழட்டிடலாமா?"

கழற்றாதீர்கள் தம்பி. முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுகிறேன்.

துபாயில் மோதியது 911 ஜிடி3 கப். போர்ஷே அதைப் பந்தயத்துக்கென்றே கட்டுகிறது. உடலோடு வெல்டிங் செய்த இரும்புக் கூண்டு, தோளையும் விலாவையும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், ஆறு முனையில் கட்டிய ஹார்னஸ் எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வரும். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்க ஹான்ஸ் என்ற கருவி. இத்தனையும் சேர்ந்துதான் அவரை இறங்கி நடக்க விட்டன. இதில் ஹார்னஸை மட்டும் தனியே உருவிக்கொண்டுவந்து ரோட்டுக் காரில் மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரக் கதை.

இன்று நம் கார்களில் இருக்கும் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் நில்ஸ் போலின். வோல்வோ கம்பெனி 1959இல் அதைக் காரில் பொருத்தி விற்கத் தொடங்கியது. வோல்வோவுக்கு வருமுன் அவர் சாப் விமானக் கம்பெனியில் இருந்தார். ஆபத்தில் விமானியைச் சீட்டோடு தூக்கி வெளியே எறியும் எஜெக்ஷன் சீட்தான் அங்கே அவர் வேலை. ஆக, நாலு முனை, ஐந்து முனை வார்களெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவர் ரோட்டுக் காருக்கு வந்தபோது வேண்டுமென்றேதான் மூன்று முனையோடு நிறுத்தினார். ஒரு கையால் இழுத்து மாட்டிவிடலாம், ஒரு கையால் கழற்றிவிடலாம். மாட்டச் சிரமமான பெல்ட்டை யாரும் மாட்டமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காருக்கு நாலு முனை தேவையென்றால் அதைக் கொண்டுவர அவரைவிடத் தகுந்த ஆள் அன்றைக்கு இல்லை.

இப்போது ஜி.பி. ரோட்டு யோசனைக்கு வருவோம். பின் சீட் பெல்ட் போல்ட் எங்கே இருக்கிறது? கீழே, சீட்டின் அடியில். தோள் வார் ஓட்டுபவரின் தோளிலிருந்து சீட் முதுகைத் தாண்டி அங்கே சரிவாக இறங்கும். மோதும்போது உடல் முன்னால் பாய்கிறது, வார் பின்னால் இழுக்கிறது. சரிந்து இறங்கும் வார் பின்னால் மட்டுமா இழுக்கும்? கீழேயும் இழுக்கும். 45 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை நிறுத்த 300 கிலோ விசை வேண்டுமென்றால், இன்னொரு 300 கிலோ தோள் வழியாக முதுகெலும்பின் மேல் இறங்கும். 10 டிகிரி சரிவென்றால் அது 50 கிலோ சொச்சம். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, 45 டிகிரியை எந்த நிலையிலும் தாண்டக்கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறது. நெஞ்சைக் காப்பாற்றி முதுகெலும்பை நொறுக்கிக்கொள்ள யாரும் காசு கொடுத்து வார் வாங்குவதில்லை.

விசை என்றதும் இன்னொரு கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறார். காரின் மூக்கு நசுங்குவதையும் பெல்ட் நீள்வதையும் சேர்த்து அவர் உடல் சுமார் 60 சென்டிமீட்டரில் நிற்கிறது என்றால், அந்தக் கணத்தில் அவரைப் பிடித்து நிறுத்தும் சராசரி விசை ஒரு டன்னைத் தாண்டும். 50 என்பது கடற்கரைச் சாலையில் சர்வசாதாரண வேகம். அதனால்தான் தோள் வாரும் இடுப்பு வாரும் பிணையும் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ ஒன்றரை டன் தாங்க வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. கேட்கிறது. புதிதாகத் துளை போட்டால் அடியில் 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள இரும்புத் தகடு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கார் தரைத்தகட்டில் வெறும் வாஷர் வைத்துப் போல்ட் முடுக்கிக் கொடுக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. போல்ட் உடையாது, தகட்டைக் கிழித்துக்கொண்டு முழுசாக வெளியே வரும்.

சரிவைச் சரிசெய்துவிட்டோம் என்றே வையுங்கள். நாலு முனை ஹார்னஸில் வேறொரு கோளாறு இருக்கிறது. தோள் வார் இரண்டும் இடுப்பு வாரின் நடுவில், வயிற்றுக்கு எதிரே ஒரு பூட்டில் வந்து சேர்கின்றன. தோள் வாரை இறுக்க இறுக்க அந்தப் பூட்டு மேலே ஏறும். இடுப்பு எலும்பின் மேல் அழுந்தி உட்கார வேண்டிய வார் வயிற்றின் மேல் வந்துவிடும். மோதும்போது உடல் அதற்கடியில் நழுவி முன்னே போகும். எலும்பு தாங்க வேண்டிய சுமையைக் கல்லீரலும் மண்ணீரலும் குடலும் தாங்கும். இதைத் தடுக்கத்தான் ரேஸ் கார்களில் தொடைகளுக்கு நடுவே ஐந்தாவது, ஆறாவது வார்கள் வந்தன. ஃபார்முலா ஒன்னில் ஆறு முனை 1972இலேயே கட்டாயமாகிவிட்டது. அந்த வாருக்குச் சீட்டின் அடியில் துளை வேண்டும். கம்பெனி சீட்டில் துளை கிடையாது. பிளேடு வைத்துக் கிழித்துத் துளை போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஷ்ராத் என்ற ஜெர்மன் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது: நாலு முனையில் ஒரு தோள் வாரில் மட்டும் மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். மோதலில் தையல் பிரிந்து அந்தத் தோள் சற்று முன்னே போகும், உடல் லேசாகத் திரும்பும், இடுப்பு நழுவாது. மூன்று முனை பெல்ட் தானாகச் செய்வதைத்தான் இவ்வளவு சுற்றிவளைத்து அது செய்கிறது.

அடுத்து தலை. இரண்டு தோளையும் சீட்டோடு சேர்த்துக் கட்டியாயிற்று. நெஞ்சு நிற்கிறது. தலை நிற்காது. கழுத்து இழுபட்டு, மண்டையோட்டின் அடிப்பகுதி முறியலாம். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனாவில் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் அந்த வகைக் காயத்தில்தான் இறந்தார். ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் பந்தய வீரரான அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங்கும் ஹான்ஸ் கருவியை 1980களிலேயே செய்துவைத்திருந்தார்கள். கழுத்தைக் குத்துகிறது, அசைய விடவில்லை என்று வீரர்கள் பலர் அதைத் தொடவேயில்லை. எர்ன்ஹார்ட் இறந்த பிறகு நிலைமை மாறியது. ஃபார்முலா ஒன்னில் 2003இல் கட்டாயமானது. ஹான்ஸ் ஹெல்மெட்டோடு பிணைவது. பாண்டி பஜாரில் ஹெல்மெட் போட்டுக் கார் ஓட்டுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சாதாரண பெல்ட்டில் உடலும் தலையும் சேர்ந்தே முன்னே சாய்ந்து ஏர்பேகில் போய் விழும். அந்த ஏர்பேகின் நேரக்கணக்கே அந்தச் சாய்வை வைத்துப் போட்டதுதான்.

கார் குப்புறக் கவிழ்ந்தால்? மூன்று முனை பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸ் ஆளை நிமிர்த்தியே வைத்திருக்கும். கூரை இறங்கினால் தலைமேல்தான் இறங்கும். சரி, கூண்டு வைத்துவிடலாம் என்றால், ஹெல்மெட் போடாத தலைக்கு அரை அடி தூரத்தில் இரும்புக் குழாய். சின்ன மோதலில்கூட மண்டை அதில் இடிக்கும். ஹார்னஸ் வைத்தால் சீட் மாற்ற வேண்டும், சீட் மாற்றினால் கூண்டு வேண்டும், கூண்டு வந்தால் ஹெல்மெட் வேண்டும், ஹெல்மெட் வந்தால் ஹான்ஸ் வேண்டும். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்பது ரேஸ் கார். அதில் ஆபீஸ் போக முடியாது.

சென்னையில் கார் மோதல் பேச்சு எடுத்தால் சாந்தோமைத் தாண்டிப் போக முடியாது. 2017 மார்ச் 18, விடியுமுன். அஸ்வின் சுந்தர், 2012லும் 2013லும் எஃப்4 கார்ப் பந்தயத்தில் தேசிய சாம்பியன், மனைவியோடு பிஎம்டபிள்யூ இசட்4 காரில் சாந்தோம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தார். கார் மரத்தில் மோதி, மரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியது. கதவுகள் திறக்கவில்லை. தீப்பிடித்தது. இருவரும் இறந்தார்கள். அங்கே பெல்ட்டுக்கு எந்தப் பங்கும் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் காரிலிருந்து வெளியே வரக் கிடைக்கும் நேரம் எவ்வளவு கொஞ்சம் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த மரம் எனக்கு ஞாபகம் வரும். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு மார்ஷல்கள் நிற்பார்கள். வாரை எப்படித் திருகி அவிழ்ப்பது, எங்கே வெட்டுவது என்று பழகியவர்கள். சென்னை ரோட்டில் முதலில் ஓடிவருவது ஆட்டோ அண்ணனும் டீக்கடைக்காரரும்தான். இடுப்போரத்துச் சிவப்புப் பொத்தானை அவர்கள் இருட்டிலும் தடவி அமுக்கிவிடுவார்கள். வயிற்றின் மேல் இருக்கும் வட்டப் பூட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

நகர ஓட்டம் என்று பார்த்தாலும் அது ஒத்துவராது. ஹார்னஸ் உடம்பை இறுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும். இறுக்கினால் லஸ் கார்னரில் எட்டிப் பார்க்க முடியாது, பனகல் பார்க்கில் இடப்பக்கம் நுழையும் டூவீலரைத் திரும்பிப் பார்க்க முடியாது. அடையாறு சிக்னல் வருவதற்குள் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த ஹார்னஸ் உடம்பைச் சரியாகப் பிடிக்காது. நழுவவிட்டு நடுவழியில் வெட்டி இழுக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கம்பெனி பெல்ட்டைக் கழற்றினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு வேறு எரிய ஆரம்பிக்கும். மோதும் கணத்தில் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் சின்ன வெடிமருந்துக் கருவியும் ஏர்பேகின் கம்ப்யூட்டரும் கூட்டாளிகள்.

அப்படியானால் டிராக்குக்கு? இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தடம் இருக்கிறது. வளைவுகளில் உடம்பு சீட்டில் சறுக்காமல் இருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, அந்த ஆசை நியாயமானதுதான். கம்பெனி பெல்ட் அப்படியே இருக்கட்டும், வாசல்வரை அதைப் போட்டுக்கொண்டே போங்கள். ஹார்னஸ் தடத்துக்குள் மட்டும். அதற்கும் தோள் வார் நுழையும் துளைகளோடு எஃப்.ஐ.ஏ. சான்று பெற்ற சீட் வேண்டும், ஆறு முனை வேண்டும், பின்னால் தோள் உயரத்தில் உங்கள் மாடலுக்கென்றே செய்து சோதித்த குறுக்குக் கம்பி வேண்டும், ஹெல்மெட்டும் ஹான்ஸும் வேண்டும். சாதாரணக் குறுக்குக் கம்பி வாரைத்தான் பிடிக்கும், கூரையைத் தாங்காது. அதோடு ரோல் பாரும் இருந்தால்தான் மனசு ஒப்பும். ஆடி டிடியின் பின் சீட்டில் அதன் பிறகு ஆள் உட்கார முடியாது. அக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போகிற வண்டி என்றால் இப்போதே யோசித்துவிடுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. ஹார்னஸில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். தகாட்டா பெயரில் பச்சை வாரும் சபெல்ட் பெயரில் சிவப்பு வாரும் ஆன்லைனில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. தகடும் தையலும் யாருடையவோ. பழைய ஹார்னஸ், அதுவும் ஒரு மோதலைப் பார்த்தது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒருமுறை நீண்ட பட்டை மறுமுறை அதே மாதிரி நீளாது. நம் ஊர் வெயில் பாலியஸ்டரை மெல்லத் தின்னும், பெசன்ட் நகர் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்று போல்ட்டில் துரு ஏற்றும். டிராக் முடிந்ததும் கழற்றி, வியர்வை காயவைத்து, வெளிச்சம் படாத பையில் வையுங்கள். அடுத்த முறை மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள், வாரை விரலால் நீவிப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

(அடுத்த வாரம்: டிராக்கில் கொதிக்கும் பிரேக் ஆயில்)